ஒரு பயறு அளவு இழைப்புளி

தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான ஓக் கட்டை. நடுவே சாய்வாக ஒரு பள்ளம். பள்ளத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இரும்பு அலகு. திருகு கிடையாது, பிடி கிடையாது, ஒரு பித்தளைப் பூண்கூடக் கிடையாது. இதற்குக் கொடுத்த விலையை நான் சொன்னதும், "இந்தக் காசுக்கு ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு அலமாரியே செஞ்சிருக்கலாமே" என்றார்கள் வீட்டில். செய்திருக்கலாம்தான். ஆனால் அந்தக் காசு இந்தக் கட்டைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் வியப்பாக இருக்கும்.

ஜப்பானியர் இழைப்புளியைக் 'கன்னா' என்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குவது 'மாமெகன்னா'. மாமெ என்றால் பயறு. நாம் 'குட்டி' என்று செல்லமாகச் சொல்கிற இடத்தில் அவர்கள் பயறைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சின்னஞ்சிறு போன்சாய் மரத்துக்கும் இதே அடைமொழிதான். விளிம்பை மழுக்க, மூலையைத் தொட, பெரிய இழைப்புளி நுழையாத இடத்தில் ஒரு இழை எடுக்க இது உதவும். நாம் இழைப்புளியை முன்னால் தள்ளுவோம், அவர்கள் தங்கள் பக்கம் இழுப்பார்கள். கட்டைக்குள் அலகைச் செருகும் இந்த வடிவம் அங்கே 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான் பரவியது. அதற்கு முன் இருந்தது ஈட்டி முனை போன்ற 'யாரிகன்னா'. உலகின் மிகப் பழைய மரக்கட்டடங்கள் நிற்கும் ஹோர்யூஜி கோயிலில் அதன் தடங்கள் உண்டு. வழக்கொழிந்து போன அந்தக் கருவியை 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் செய்யவைத்து, கையாளவும் கற்றுக்கொண்டவர் கோயில் தச்சர் நிஷியோகா ட்சுனெகாசு.

என் பயறுக்கு வருகிறேன். அலகை உருவி எடுத்து, தீட்டிய சாய்வுப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு நிறம் தெரியும். மேலே மங்கலான சாம்பல், நுனியையொட்டிக் கண்ணாடி போல ஒரு மெல்லிய பட்டை. சாம்பல் நிறம் தேனிரும்பு, மினுங்குவது எஃகு. இரண்டையும் உலையில் காய்ச்சி, இடையில் வெங்காரம் தூவி, சுத்தியலால் அடித்தே ஒட்டியிருக்கிறார் கொல்லர். பசையும் இல்லை, ஆணியும் இல்லை.

ஒட்டுவானேன், முழுக்க எஃகாகவே அடித்துவிடலாமே? இரும்பில் நூற்றுக்கு ஒரு பங்கு கார்பன் சேர்ந்தாலே அதன் குணம் மாறிவிடும். அந்த எஃகை ஏறத்தாழ 800 டிகிரிக்குச் சூடேற்றிச் சட்டென்று தண்ணீரில் அமிழ்த்தினால், வெளியேற நேரமில்லாமல் கார்பன் அணுக்கள் இரும்பின் படிக அடுக்குக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. அடுக்கு இறுகி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இந்த நிலைக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். நம் பட்டறைகளில் இதைத்தான் துவைச்சல் கொடுப்பது என்கிறார்கள். அப்படித் துவைத்த எஃகு மிகக் கடினம். அதோடு கண்ணாடி மாதிரி நொறுங்கவும் செய்யும். திரும்பவும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்தினால் முரட்டுத்தனம் கொஞ்சம் தணியும். ஜப்பானியக் கொல்லர்கள் அந்தத் தணிப்பைக் குறைவாகவே செய்கிறார்கள். கூர் நெடுநேரம் நிற்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நொறுங்காமல் தாங்கிக்கொள்ளும் வேலையை முதுகில் இருக்கும் மெத்தென்ற தேனிரும்பு பார்த்துக்கொள்கிறது. தீட்டும்போதும் சௌகரியம்: கல்லோடு மல்லுக்கட்டுவது அந்த மெல்லிய பட்டை மட்டும்தான்.

இந்தத் தேனிரும்பு இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை. உலகம் எஃகுக்கு மாறியபின் அதைப் பெருமளவில் செய்வாரில்லை. ஆகவே பழைய நங்கூரச் சங்கிலி, பழைய பாலத்தின் இரும்பு என்று தேடி எடுத்துவந்து அடிக்கிற கொல்லர்கள் உண்டு. எஃகு பெரும்பாலும் ஷிமானே மாநிலத்து யாசுகி நகரத்து உருக்காலையிலிருந்து வருகிறது. அதன் ரகங்கள் 'வெள்ளைத் தாள்', 'நீலத் தாள்'. உலோகத்தின் நிறம் அதுவன்று. எந்த ரகம் என்று தெரிய எஃகுக் கட்டியில் ஒட்டிய அடையாளத் தாளின் நிறமே பெயராக நிலைத்துவிட்டது. கலப்பில்லாத கார்பன் எஃகு வெள்ளை. டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்தது நீலம்.

அலகின் மறுபக்கத்தைத் திருப்பினால் நடுவில் ஒரு மெல்லிய குழிவு இருக்கிறது. அலங்காரம் என்று நினைத்தேன். முழுப் பரப்பையும் கல்லில் தேய்த்துச் சமதளமாக்க ஒருநாள் போதாது. குழித்துவிட்டால் ஓரங்களை மட்டும் தேய்த்தால் போதும் என்று பிறகு விளங்கியது. ஆனால் தீட்டத் தீட்ட நுனியோரச் சமதளம் தேய்ந்து, கூர் குழிவை எட்டிவிடும். அப்போது செய்யும் வைத்தியத்தைப் பார்க்க வயிறு கலங்கும். அலகைப் பட்டடையின் விளிம்பில் வைத்து, சாய்வுப் பக்கத்துத் தேனிரும்பின் மேல் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். மெத்தென்ற இரும்பு நெகிழ நெகிழ, அடியில் இருக்கும் எஃகு மயிரிழை அளவு முன்னால் வளைந்து வரும். சுத்தியல் இரண்டு மில்லிமீட்டர் தவறி எஃகின் மேல் விழுந்தால் அலகு விரிசல் விட்டுவிடும். நான் இதுவரை அந்தப் பக்கம் போகவில்லை.

இவ்வளவும் அந்த நுனிக்காக. அலகின் சாய்வும் முதுகும் சந்திக்கிற கோட்டைத்தான் கூர் என்கிறோம். எவ்வளவு தீட்டினாலும் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் உருண்டை இருந்தே தீரும். நன்றாகத் தீட்டிய அலகில் அது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைச் சாதிப்பவை கியோட்டோ மலைகளில் வெட்டியெடுத்த தீட்டுக்கற்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்ணிய களி இறுகிக் கல்லானவை அவை.

அத்தனை நுண்மையான கூர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஜப்பானில் பதிலாக ஒரு சங்கமே இருக்கிறது. பெயர் 'கெசுரோகாய்', 'சீவுவோம் வாங்க சங்கம்' என்று வைத்துக்கொள்ளலாம். தச்சர்கள் கூடி, நீளமான ஹினோக்கி மரத்தில் ஒரே இழுப்பாகச் சீவல் எடுத்து, யாருடையது மெல்லியது என்று மைக்ரோமீட்டர் வைத்து அளப்பார்கள். 10 மைக்ரானுக்குள் எடுப்பவர்கள் பலர். ஜாம்பவான்கள் 3, 4 மைக்ரான் வரை இறங்குகிறார்கள். நம் தலைமுடியே பொதுவாக 50 மைக்ரானுக்குக் குறையாது.

அந்த எண்ணைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். ஹினோக்கி போன்ற ஊசியிலை மரம் நீளநீளமான குழாய்ச் செல்களால் ஆனது. ஒவ்வொரு குழாயின் குறுக்களவும் ஏறத்தாழ 30 மைக்ரான். அதன் சுவர் இரண்டு மூன்று மைக்ரான். ஆகவே 3 மைக்ரான் சீவலில் ஒரு செல்கூட முழுதாக இல்லை. செல்களின் சுவர்கள் மட்டும் அறுபட்டு, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்குச் சல்லடைத் துணி போல மிதந்து வருகின்றன. சீவலைச் செய்தித்தாள் மேல் போட்டால் எழுத்தைப் படிக்கலாம்.

சீவல் மெல்லிதானால் பலன் பரப்பில் தெரியும். தடித்த சீவல் எடுக்கும்போது அலகு மரத்தை அறுப்பதற்கு முன்னால் நாரை நெம்பி எழுப்பிவிடுகிறது. பிளவு கூரைத் தாண்டி முன்னே ஓடிவிடுகிறது. எதிர் ரேகையில் இழைத்தால் மரம் பிய்ந்துபோவது இதனால்தான். இதற்கு மருந்து, அலகின் மேல் இன்னொரு சிறு இரும்பை அமர்த்துவது. அது எழுகிற சீவலை உடனே மடக்கிவிடும், பிளவுக்கு ஓட நேரமிராது. ஐரோப்பியத் தச்சர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே அறிந்த உபாயம் இது. ஆனால் அந்த மேலிரும்பை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதை நுண்ணோக்கியில் படம்பிடித்துக் காட்டியவர்கள் யமகாட்டா பல்கலைக்கழகத்தின் கவாயும் காட்டோவும். கூரிலிருந்து 0.1 மில்லிமீட்டர் தள்ளி, செங்குத்தான முகத்தோடு அது நின்றால் பிய்ச்சல் அடங்கிவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்தபிறகு பலரும் தங்கள் இழைப்புளியைப் பிரித்து மறுபடி பூட்டினார்கள், நானும்.

இப்படி இழைத்த மரத்துக்கு உப்புத்தாள் வேண்டாம். உப்புத்தாள் செய்வது கீறல். பெரிய கீறலைச் சின்னக் கீறலாக்குகிறது, அவ்வளவே. இழைப்புளி செல்லைச் சுத்தமாக அறுத்துவிடுவதால் ஒளி கலையாமல் திரும்பி வருகிறது. வார்னிஷ் பூசாமலே மரம் மினுங்கும்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியிலிருந்து எடுத்த அன்று என் பயறு வேலை செய்யவில்லை. நல்ல கன்னா பெரும்பாலும் முடிக்காமலேதான் விற்பனைக்கு வரும். அலகைக் கட்டையோடு பொருத்துவதும், கூரைக் கடைசியாக எடுப்பதும் வாங்கியவர் பாடு. கட்டையின் அடிப்பக்கம் தட்டையாகத் தெரிந்தாலும் தட்டையாக இருக்கக்கூடாது. முன்நுனியும், அலகு எட்டிப்பார்க்கும் வாயின் விளிம்பும் மட்டும் மரத்தைத் தொட்டு, நடுப்பகுதி தாளின் தடிமனைவிடக் குறைவாகக் குழிந்திருக்க வேண்டும். அலகு சீராக அமர்ந்தபின் ஆழத்தைத் திருத்துவதும் சுத்தியலால்தான். அலகின் தலையில் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்னோரத்தில் தட்டினால் ஏறும். தட்டித் தட்டிக் காது பழகிவிடுகிறது. சரியாக அமர்ந்த அலகின் சத்தமே வேறு.

சென்னையில் ஐப்பசி மழை பிடித்ததும் கட்டை ஊறி, அடிப்பக்கம் கோணிக்கொள்கிறது. சித்திரை வெயிலில் சுருங்குகிறது. இரும்பு சுருங்காது. அதனால் அலகின் இரு ஓரங்களிலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பொருத்த வேண்டும். விடாவிட்டால் கட்டை பிளந்துவிடும். வருஷத்துக்கு இரண்டு முறை அடிப்பக்கத்தை மறுபடி சீர்செய்கிறேன். அலமாரி என்றால் இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வீட்டில் ஆசாரி வேலை நடந்தால், கூட்டிப் பெருக்குவதற்கு முன் தரையில் கிடக்கும் சீவலில் மெல்லியதாக ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.