ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன்: பழைய தலைமுறைகளும் புதிய தலைமுறைகளும்

ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் என்பது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தயாரிக்கும் டிரான்ஸ்போர்ட்டர் வகை வேனில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி முதலியவற்றைப் பொருத்தி, பயணத்தின்போது தங்குவதற்கு ஏற்றவாறு மாற்றப்பட்ட ஊர்தியாகும். ஜெர்மனியில் 'புல்லி' என்றும் பிரேசிலில் 'கொம்பி' என்றும் செல்லமாக அழைக்கப்படுகிறது. 1950 முதல் வெளிவந்த தலைமுறைகள் டி1, டி2, டி3 என்று வரிசையாகக் குறிக்கப்படுகின்றன. முகப்புத் தோற்றத்தைக் கொண்டே பலரும் இவற்றைப் பிரித்தறிகின்றனர். ஆனால் பழையது, புதியது என்று கோடு கிழிக்க வேண்டுமானால் எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பதே சரியான வழி. 1990 வரை அது பின்புறம் இருந்தது. டி4 முதல் முன்புறம் வந்தது. உள்ளே உள்ள இடம், விபத்தில் பாதுகாப்பு, குளிர்காலச் சூடு, பழுதுபார்க்கும் முறை ஆகிய அனைத்தும் இந்த ஒரு மாற்றத்தையே பின்பற்றி மாறின.

தோற்றம்

நெதர்லாந்தைச் சேர்ந்த கார் இறக்குமதியாளர் பென் பொன், வொல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் பொருள்களைச் சுமந்து ஓடிய தட்டையான வண்டிகளைக் கண்டார். அவை பீட்டில் காரின் பாகங்களைக் கொண்டு தொழிலாளர்களே செய்துகொண்டவை. அதைப் பார்த்து 1947 ஏப்ரல் 23 அன்று தமது குறிப்பேட்டில் ஒரு பெட்டி வடிவ வேனை வரைந்தார். ஓட்டுநர் முன்னே, எஞ்சின் பின்னே, சுமை நடுவே என்பதே அப்படத்தின் சாரம். பீட்டிலின் எஞ்சின் பின்புறம் இருந்ததால் வேனிலும் அங்கேயே அமைந்தது. 1950 மார்ச் 8 அன்று உற்பத்தி தொடங்கியது. 1956-இல் ஹனோவரில் இதற்கெனத் தனித் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

வேனை வீடாக்கும் பணியை முதலில் பெரிய அளவில் செய்தது வீடன்பிரூக் நகரின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம். 1951-இல் அது வெளியிட்ட 'முகாம் பெட்டி' கழற்றி மாட்டக்கூடிய அறைகலன் தொகுதி. வார நாள்களில் சரக்கு ஏற்றிய வண்டி, அதை வைத்துக்கொண்டால் வார இறுதியில் படுக்கையறையாகிவிடும்.

டி1, டி2

டி1 (1950–1967) நடுவில் பிளவுபட்ட முகப்புக் கண்ணாடியால் அடையாளம் காணப்படுகிறது. தொடக்கத்தில் இதற்கு 1131 கன செ.மீ. கொள்ளளவும் 25 குதிரைத்திறனும் மட்டுமே. மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தொடுவதே பெரும்பாடு. மலையேறும்போது பின்னால் வரிசையாக வண்டிகள் நிற்கும். ஆரம்ப ஆண்டுகளில் பெட்ரோல் அளவுகாட்டிகூட இல்லை. பெட்ரோல் தீரும் தறுவாயில் சேமிப்புக் குழாயைத் திறந்துவிட்டு அடுத்த நிலையத்தைத் தேட வேண்டியதுதான். ஆனாலும் அந்த வளைந்த முகப்பு வெறும் அழகுக்காக வந்ததன்று. பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, 0.75 ஆக இருந்த காற்றுத்தடைக் கெழுவை 0.44 ஆகக் குறைத்ததன் விளைவு அது.

1967-இல் வந்த டி2 ஒரே கண்ணாடியாலான அகன்ற முகப்பையும் பக்கவாட்டில் நகரும் கதவையும் கொண்டது. எளிதாகத் தோன்றினாலும் தங்குபவருக்கு நகரும் கதவு பெரிய வசதி: நெருக்கமான இடத்திலும் திறக்கலாம், காற்றில் அடித்துக்கொள்ளாது. பின் அச்சு மாற்றியமைக்கப்பட்டதால் வளைவுகளில் வண்டி நிதானமாக நின்றது. பின்னர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் காத்மாண்டுவுக்கும் தரைவழியே வந்த இளைஞர்களில் பலர் பயன்படுத்தியவை இவ்விரு தலைமுறைகளே. ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அப்பாதையை மூடிய 1979-ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியில் டி2 உற்பத்தியும் நின்றது.

டி3: இடைப்பட்ட தலைமுறை

1979-இல் வந்த டி3 அகலமானது, கோணலான பெட்டி வடிவமானது. எஞ்சின் இன்னும் பின்னேதான், ஆனால் தாழ்வாகக் கிடத்தப்பட்டிருந்தது. முன்பின் அச்சுகளில் எடை ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டதால் இதன் ஓட்டம் இன்றும் பாராட்டப்படுகிறது. முதலில் காற்றால் குளிர்ந்த எஞ்சின்கள், 1980-களின் தொடக்கத்தில் டீசலும் நீரால் குளிரும் பெட்ரோல் எஞ்சின்களும், 1985-இல் நான்கு சக்கர இயக்கம் கொண்ட 'சின்க்ரோ' என்று ஒரே உடலுக்குள் பல வண்டிகள் வந்தன.

ஓட்டுநர் பக்கச் சுவரை ஒட்டிய சமையல் மேடை, பின்னால் படுக்கையாக விரியும் இருக்கை, மேலெழும் கூரைக்குள் இன்னொரு படுக்கை என்ற அமைப்பு டி3-இன் வெஸ்ட்ஃபாலியா வண்டிகளில் உறுதிப்பட்டது. 1988-இல் 'கலிஃபோர்னியா' என்ற பெயரும் இதில்தான் அறிமுகமானது. தங்குவதற்காகப் பழைய வண்டி தேடுவோருக்கு டி1, டி2-ஐவிட இதுவே பொருத்தமானது. ரசிகர்கள் இதைக் கடைசி 'உண்மையான' புல்லி என்பதுண்டு. அவ்வாதத்துக்கு எஞ்சின் பின்னே இருப்பதைத் தவிர வேறு ஆதாரம் அதிகமில்லை.

எஞ்சின் முன்னே வந்தபின்

டி4 (1990) முன்சக்கர இயக்கத்துடன் வந்தபோது பின்புறத்தில் எஞ்சினை மூடியிருந்த மேடு மறைந்தது. தரை கதவுவரை சமமாக ஓடியதால் மிதிவண்டி, குழந்தை வண்டி, நீளமான பலகை எதையும் நேராகத் தள்ளி ஏற்றலாம். பின்னால் எரியும் எஞ்சினின் சத்தமும் மெத்தைக்கு அடியில் ஏறும் சூடும் இல்லாமற்போயின.

இதைவிடப் பெரிய வேறுபாடு பாதுகாப்பில்தான். டி1-இலும் டி2-இலும் ஓட்டுநர் முன் அச்சுக்கு நேர்மேலே அமர்கிறார். நேருக்கு நேர் மோதினால் அவரது கால்களுக்கும் எதிர்வரும் வண்டிக்கும் இடையே இருப்பது மெல்லிய தகடுதான். டி2-இன் பிற்காலத்தில் முகப்பு வலுவாக்கப்பட்டது, டி3 மேலும் முன்னேறியது. எனினும் மோதலின் விசையை நசுங்கி வாங்கிக்கொள்ளும் நீண்ட மூக்கு டி4-இல்தான் கிடைத்தது. பிரேசிலில் டி2-இன் உற்பத்தி 2013 டிசம்பர் வரை தொடர்ந்து நின்றதற்கும் காரணம் இதுவே: 2014 முதல் காற்றுப்பைகளும் ஏபிஎஸ் பிரேக்கும் அங்கே கட்டாயமாயின. பழைய உடலில் அவற்றைப் பொருத்துவது கட்டுப்படியாகவில்லை.

சூட்டைப் பொறுத்தவரை, காற்றால் குளிரும் எஞ்சினில் புகைபோக்கிக் குழாயின் வெப்பம் நீண்ட குழல்கள் வழியே முன்னே வர வேண்டும். வந்து சேரும்போது இளஞ்சூடுதான் மிச்சம். எஞ்சினை நிறுத்தினால் அதுவும் இல்லை. இன்றைய கலிஃபோர்னியா வண்டிகளில் எஞ்சின் ஓடாமலேயே இரவு முழுதும் இயங்கும் டீசல் சூடேற்றி உள்ளது.

பழுதும் பராமரிப்பும்

இங்கே பழையவை முந்துகின்றன. டி2-இன் எஞ்சினைச் சில கருவிகளோடு ஒருவரே இறக்கி ஏற்றிவிட முடியும். உதிரிபாகங்களைப் புதிதாகச் செய்து விற்போரும் பலர். ஆனால் சக்கர வளைவுகள், பக்கச் சட்டம், முகப்புக் கண்ணாடியின் ஓரம் ஆகிய இடங்களில் துரு பிடிக்கும். எரிபொருள் தொட்டி எஞ்சின் அறைக்கு அடுத்தே இருப்பதால் வெடித்துப்போன ரப்பர்க் குழாய் ஒன்று போதும், தீ பிடிக்க. எஞ்சின் உறை மக்னீசியக் கலவையாலானது. பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம். பழைய வண்டியை வாங்குபவர் வண்ணத்தைப் பார்க்கும் முன் அந்தக் குழாயை மாற்றிவிடுவது நல்லது. நீரால் குளிரும் டி3-இல் குளிர்நீர்க் கசிவும் உருளைத்தலைப் பகுதியில் அரிப்பும் அறியப்பட்ட தொல்லைகள்.

புதிய வண்டிகளுக்குத் தெருவோரப் பட்டறை போதாது; பல கோளாறுகளைக் கணினி இணைத்தே கண்டறிய வேண்டும். மறுபுறம், ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து அசல் நிலையில் பேணப்பட்ட ஊர்திக்கு 'எச்' பதிவெண் கிடைக்கும். நிலையான வரியும், நகரங்களின் புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகளில் நுழையும் விலக்கும் அதனோடு வரும். தொடக்க கால டி4-களும் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன.

அண்மைய தலைமுறைகள்

2003-இல் டி5 வந்தபோது வெஸ்ட்ஃபாலியா டெய்ம்லர்கிரைஸ்லர் கைக்குப் போயிருந்ததால், ஃபோக்ஸ்வாகனே ஹனோவரில் கலிஃபோர்னியாவைத் தயாரிக்கத் தொடங்கியது. 2024-இல் வெளிவந்த புதிய கலிஃபோர்னியா இன்னொரு திருப்பம். டி1 ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமானது, இது 5.17 மீட்டர். இரு பக்கமும் நகரும் கதவுகள் உண்டு; மின்னேற்றக்கூடிய ஹைபிரிட் வகையும் கிடைக்கிறது. ஆனால் இதன் அடித்தளம் கால்ஃப் போன்ற கார்களுடையது. டிரான்ஸ்போர்ட்டர் என்ற பெயருடைய சரக்கு வேன் தனியே பிரிந்து, ஃபோர்டு நிறுவனத்துடன் இணைந்து துருக்கியில் தயாராகிறது. சரக்கு வண்டியும் வீட்டு வண்டியும் ஒன்றே என்றிருந்த முகாம் பெட்டிக் காலத்து ஏற்பாடு இத்துடன் முடிந்தது. டி1-இன் சாயலில் 2022-இல் வந்த மின்சார வேனான ஐடி. பஸ்-இன் பின்சக்கர இயக்க வகையில் மோட்டார் மீண்டும் பின்புறமே உள்ளது. மின்கலம் தரைக்கு அடியில் போய்விட்டதால் நடுவில் உள்ள இடம் முழுவதும் பயணிகளுக்கே.