ஓட வைப்பதற்கு முன் நிறுத்தத் தெரிய வேண்டும்

பழைய டீசல் லோரி ஒன்று உங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எப்படி அணைப்பீர்கள்? சாவியைத் திருப்புவேன் என்பீர்கள். அமெரிக்க இராணுவம் பயன்படுத்திய எம்35ஏ2 லோரியில் சாவியே கிடையாது. சுவிட்சை அணைத்தாலும் சரி, பேட்டரியே செத்துப்போனாலும் சரி, அதன் இயந்திரம் நிற்காது. ஓட்டுநருக்கு முன்னால் உள்ள ஒரு சிறு கைப்பிடியை இழுக்க வேண்டும். அதனோடு இணைந்த கம்பி, எரிபொருள் பம்புக்குள் டீசலைத் தடுக்கும். அப்போதுதான் இயந்திரம் ஓயும். பல ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்ற லோரியில் அந்தக் கம்பி துருவேறி இறுகிப் போயிருந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

எம்35 வகை லோரிகள் 1950ஆம் ஆண்டு வாக்கில் சேவைக்கு வந்தவை. கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் படைவீரர்கள் இதற்கு ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்று பெயர் வைத்தார்கள். மூன்று அச்சுகளுக்கும் இயந்திரத்தின் விசை போகும். வெறும் லோரியின் எடையே ஏறக்குறைய 6 டன். வியட்நாம் போரில் ஓடித் தேய்ந்த இந்த ரகத்தை, ஓய்வு கொடுத்தபின் அமெரிக்க இராணுவம் ஏலத்தில் விற்றது. விவசாயிகளும் பழைய வண்டிப் பிரியர்களும் வாங்கி, வீட்டு முற்றத்தில் நிறுத்திச் சொந்தமாகப் பழுது பார்க்கிறார்கள். போர்க்கால லோரிகளுக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைப்பது நமக்கும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து எஞ்சிய இராணுவ லோரிகள் நம் நாட்டுக் காடுகளில் ‘சன் தாய் வோங்’ என்ற பெயரோடு வெட்டுமரம் இழுத்திருக்கின்றன.

இப்படி ஒரு லோரியை வாங்கியவருக்கு முதலில் வரும் ஆசை, புது பேட்டரியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான். அந்த ஆசையைச் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

62 மில்லிலிட்டர்

இந்த லோரியின் டீசல் இயந்திரத்துக்கு ஆறு சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு சுமார் 7.8 லிட்டர், அமுக்க விகிதம் 22க்கு 1. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை 22இல் ஒரு பங்காக நசுக்குகிறது. காற்றின் வெப்பநிலை 600 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறுகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் இடம் சுமார் 1,300 மில்லிலிட்டர். அது உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 62 மில்லிலிட்டர்தான், நான்கு மேசைக்கரண்டி அளவு. காற்று நசுங்கும், தண்ணீரோ எண்ணெயோ நசுங்காது. புகைக்குழாய் வழியாக இறங்கிய மழைநீர் அந்த நான்கு கரண்டிக்கு மேல் சிலிண்டரில் தேங்கியிருக்கும்போது 24 வோல்ட் ஸ்டார்ட்டர் மோட்டாரை அழுத்தினால், பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, இயந்திரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றினால் பாதி நிம்மதி.

எரிபொருள் தொட்டியைத் திறந்தால் கறுப்பாக, சளி போன்ற ஒன்று கிடக்கலாம். டீசலைத் தின்று வாழும் நுண்ணுயிர்களின் வேலை அது. காற்றின் ஈரம் தொட்டிக்குள் குளிர்ந்து நீராகி அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் குடியேறுகின்றன. தண்ணீர் இல்லாவிட்டால் அவை பெருகாது. தொட்டியை வடித்துக் கழுவி, எல்லா வடிகட்டிகளையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தானாக ஓடும் இயந்திரம்

பெட்ரோல் இயந்திரத்தில் உள்ளே போகும் காற்றை ஒரு தகடு கட்டுப்படுத்துகிறது. பழைய டீசல் இயந்திரத்தில் அப்படி எதுவுமில்லை. வேண்டிய காற்று எப்போதும் தாராளமாகப் போகும். வேகத்தைத் தீர்மானிப்பது டீசலின் அளவு மட்டுமே. பம்புக்குள் அந்த அளவைக் கட்டுப்படுத்தும் பாகம், பிசினாக மாறிய பழைய டீசலால் ‘முழு அளவு’ நிலையிலேயே ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து இயந்திரம் வெறிபிடித்தாற்போல் வேகமெடுக்கும். கைப்பிடியை இழுத்தாலும் பயனிருக்காது. இயந்திரம் உடைந்து சிதறும்வரை கூடப் போகலாம்.

தீயை அணைக்க எரிபொருளை நிறுத்தலாம். முடியாவிட்டால் காற்றை நிறுத்தலாம். ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் காற்று வடிகட்டியைக் கழற்றி, உள்ளிழுக்கும் குழாயின் வாயை முழுதாக மூடக்கூடிய கனமான பலகை ஒன்றுடன் ஒருவர் பக்கத்தில் தயாராக நிற்க வேண்டும். கையால் மூடப் பார்க்கக் கூடாது. உறிஞ்சும் விசை கையை இழுத்துக்கொள்ளும். இன்ஜெக்டர் தெளிக்கும் இடத்திலும் விரல் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

ஒரே குழாயில் ஆறு பிரேக்

இயந்திரத்தைப் பற்றிப் பேச எல்லாருக்கும் பிடிக்கும். பிரேக்கைப் பற்றிப் பேச ஆள் குறைவு. என்னைக் கேட்டால், இந்த லோரியில் முதல் காசும் முதல் உழைப்பும் பிரேக்குக்குத்தான் போக வேண்டும்.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் கோட்பாட்டை எஸ்.பி.எம். இயற்பியலில் படித்திருப்பீர்கள். கால் அழுத்தத்தை அழுத்தக் காற்று பெருக்கித் தர, ஆறு பிரேக்குகளுக்கும் ஒரே திரவ வழியாக விசை போகிறது. கோட்பாடு அழகானது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: ஏதாவது ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் வளையம் கிழிந்தால், திரவம் அங்கே வழிந்துபோய், ஆறு பிரேக்குகளும் ஒரே நேரத்தில் செயலிழக்கும். அமெரிக்காவில் கார்களுக்கு 1968 முதல் இரட்டை வழி பிரேக் கட்டாயமானது. அதற்கு முன்பே வரையப்பட்ட இந்த லோரி ஒற்றை வழியோடு ஓடியது.

பிரேக் எண்ணெயும் சும்மா இருப்பதில்லை. கிளைக்கால் வகை எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்தின்படி புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை வரை கொதிக்கக் கூடாது. 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி நசுங்கும். பெடல் தரைவரை போகும், லோரி நிற்காது. இதற்காகத்தான் அமெரிக்க இராணுவம் 1980களில் ஈரம் உறிஞ்சாத சிலிக்கோன் எண்ணெய்க்கு மாறியது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளே எப்படியோ நுழைந்த தண்ணீர் எண்ணெயில் கலக்காமல், தாழ்வான இடத்தில், அதாவது சக்கரத்தின் பிரேக் சிலிண்டருக்குள் போய்த் தங்கித் துருவைக் கிளப்பும். இரண்டு வகை எண்ணெயையும் கலக்கவும் கூடாது. தொட்டியில் ஊதா நிறம் தெரிந்தால் அநேகமாகச் சிலிக்கோன்தான்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். ரப்பர் குழாய்கள், சக்கர சிலிண்டர்கள், தலைமை சிலிண்டரின் ரப்பர்கள் அனைத்தையும், பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுவதே நல்லது. வேலை முடிந்ததும் பெடலை அழுத்திப் பிடித்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஓர் அட்டையை விரித்துவிட்டு உறங்கப் போங்கள். காலையில் அட்டையில் ஒரு சொட்டு இருந்தாலும் லோரி முற்றத்தை விட்டு நகரக் கூடாது.

சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயரை ரிம்மில் பிடித்து வைப்பது ஒரு பிளவுபட்ட எஃகு வளையம். நம் நாட்டிலும் ட்யூப் போட்ட பழைய லோரி டயர்களில் இதைப் பார்க்கலாம். டயருக்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் மூன்றரைக் கிலோ விசை. டயரின் ஒரு பக்கச் சுவரின் பரப்பு சுமார் 6,000 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 20 டன்னுக்கு மேல். அதில் கணிசமான பங்கை இந்த வளையம் தாங்குகிறது. துருவால் அரிக்கப்பட்ட வளையம் காற்றடிக்கும்போது கழன்றால், எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. அமெரிக்கப் பட்டறைகளில் இத்தகைய சக்கரத்துக்கு இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று 1980இல் விதி வந்தது. இந்த ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். கூண்டு உள்ள டயர் கடைக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் ஸ்டார்ட்டர் பொத்தானுக்கு வரலாம். முதலில் நிறுத்தும் கைப்பிடியை இழுத்தபடியே இயந்திரத்தைச் சுற்ற வைக்க வேண்டும். எண்ணெய் அழுத்தமானியின் முள் எழும்வரை டீசல் போகக் கூடாது. தாங்கிகளுக்கு முதலில் எண்ணெய் போய்ச் சேரட்டும். பிறகு கைப்பிடியை உள்ளே தள்ளலாம். சில முறை இருமும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும். சூடு ஏறியதும் புகை மெலியும். டர்போ சீழ்க்கையடிக்கத் தொடங்கும். இந்த இயந்திரத்தின் எரிப்பு முறைக்கு மூலம் ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனம். அங்கே அதற்கு ‘கிசுகிசுக்கும் இயந்திரம்’ என்று பெயர். டர்போ பூட்டிய இந்த லோரியோ தெருமுனைவரை கேட்கும்படி விசிலடிக்கும்.

பலகை பிடித்தவர் இன்னும் அங்கேயே நிற்கட்டும். ஒரு நிமிடம் ஓடியதும் கைப்பிடியை இழுத்து அணைத்துப் பாருங்கள். நின்றதா? சரி, மீண்டும் ஸ்டார்ட் செய்து, மிகக் குறைந்த கியரில் லோரியை ஒரே ஒரு மீட்டர் நகர்த்தி, பிரேக்கை மிதியுங்கள்.