சாவி யாரிடம், அடுப்பு யாரிடம்?

மாசி மகத்துக்கு வேடமூர்த்தி கடலாடப் போகும் ஊர் திருவேட்டக்குடி. இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கடற்காற்றில் டீ சீக்கிரம் ஆறிவிடும். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரித் தம்பி கேட்டார்: “ஒரு சாமி சமாதி ஆயிட்டா, அதுக்கப்புறம் எல்லாத்தையும் யார் சார் நடத்துறது?”

டீயைக் குடிங்க தம்பி, சொல்றேன். உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இடம், நிலம், உண்டியல் இவற்றின் சாவி யாரிடம் போகிறது என்பது ஒன்று. அவர் தொடங்கிவைத்த வேலையை நாளைக் காலையில் யார் செய்வார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்று என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே கை காட்டுகிறேன், பாருங்கள். மேற்கே தருமபுரம். யாழ்முரிநாதர் கோயில் இருக்கும் காரைக்கால் தருமபுரத்தைச் சொல்லவில்லை. மயிலாடுதுறையை ஒட்டிய தருமபுரம். அங்கே 16ஆம் நூற்றாண்டில் குருஞானசம்பந்தர் தொடங்கிய ஆதீனம் இருக்கிறது. துறவிகள் மடம் என்பதால் பிள்ளை, பேரன் என்ற பேச்சுக்கே இடமில்லை. குருமகா சந்நிதானம் இருக்கும்போதே இளைய சந்நிதானம் ஒருவரை அமர்த்துவது உண்டு. 2019 டிசம்பரில் 26ஆவது சந்நிதானம் பரிபூரணம் அடைந்தார். அந்த மாதமே இளைய சந்நிதானமாக இருந்தவர் 27ஆவது பட்டமாகப் பீடம் ஏறினார். இங்கே சாவியும் பீடமும் சேர்ந்தே ஒருவர் கைக்குப் போகின்றன.

தெற்கே காரைக்காலைத் தாண்டினால் நாகூர். ஷாகுல் ஹமீது ஆண்டவர் மணம் முடிக்காதவர். அவருடைய வளர்ப்பு மகன் யூசுப் வழி வந்தவர்களிடம்தான் தர்காவின் பொறுப்பு தொடர்கிறது என்பது மரபு. அவர்கள் யாரும் ஆண்டவராகிவிடவில்லை, அடக்கத்தலத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். கந்தூரிக்கு வருகிறவர்கள் தேடி வருவது ஆண்டவரைத்தான்.

கொஞ்சம் தள்ளி, திருவண்ணாமலை. ரமணரின் ஆசிரம நிர்வாகம் தன்னுடையது என்று ஒருவர் வழக்குக்குப் போனார். அதன் பிறகு 1938இல் ஓர் உயில் எழுதப்பட்டது. நிர்வாகம் ரமணரின் தம்பி நிரஞ்சனானந்தருக்கும் அவருக்குப்பின் அந்த வழியினருக்கும் என்று. 1950 ஏப்ரல் 14இல் ரமணர் மறைந்தார். நிர்வாகி இருந்தார், ‘அடுத்த குரு’ என்று யாரும் இல்லை. சாவிக்கு வாரிசு உண்டு, பீடத்துக்கு இல்லை என்று இரண்டையும் தனித்தனியே பிரித்துவைத்த ஏற்பாடு அது.

இனி வடக்கே வாருங்கள், வடலூருக்கு. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

பார்வதிபுரத்து மக்கள் எழுதிக்கொடுத்த எண்பது காணி நிலத்தில், 1867 மே 23 அன்று வள்ளலார் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையைத் தொடங்கினார். 1872இல் சத்திய ஞானசபையைத் திறந்தார். அந்த வருடம் ஜூலையில் சபைக்கு விதிமுறை எழுதியபோது, சாவியைப் பற்றியே தனியாக எழுதிவைத்தார். உள்ளே நுழையும் திறவுகோல் எவர் கையிலும் இருக்கக் கூடாது. அதை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ஞானசபையின் உள்ளே இருக்கும் பொற்சபைக்குள்ளேயே வைக்க வேண்டும். அந்தப் பெட்டியின் சாவி மட்டும் காவல் பொறுப்பில் இருப்பவரிடம். விளக்கேற்ற உள்ளே போகிறவர் 12 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது 72 வயதுக்கு மேலே. ஆசை இன்னும் முளைக்காத வயது, ஆசை அடங்கிவிட்ட வயது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எவ்வளவு முன்யோசனை! ஆனாலும் 1874 ஜனவரி 30இல் அவர் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு என்ன நடந்தது? காலப்போக்கில் ஜோதி வழிபாட்டுக்கென்று கட்டிய சபைக்குள் வேறு வழிபாட்டு முறைகள் வந்து சேர்ந்தன. வள்ளலார் வகுத்தபடிதான் நடக்க வேண்டும் என்று 2006இல் அறநிலையத் துறை உத்தரவு போட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எழுதிவைத்த விதிக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் 138 வருடம். வழக்கோடு பேச்சு முடியவும் இல்லை. 2024இல் சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் அரசு சர்வதேச மையம் கட்டத் தொடங்கியபோது, அந்த வெட்டவெளி வெட்டவெளியாகவே இருக்கட்டும் என்று அன்பர்கள் போராடினார்கள்.

சரி, சாவிக் கதை இப்படி. அடுப்பு?

தருமச்சாலையில் இருப்பது 21 அடி நீள அடுப்பு. வள்ளலார் மூட்டிய நெருப்பு அணையாமல் இருக்கிறது என்கிறார்கள். விறகும் அரிசியும் எங்கெங்கிருந்தோ வருகின்றன. சபைக்குள் எந்த வழிபாடு என்று வாதம் நடந்த காலத்திலும் தருமச்சாலையில் இலை போட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவரிடம் நீ எந்தக் கட்சி என்று கேட்கவில்லை.

நூல்களும் இப்படித்தான் நின்றன. வள்ளலார் பாடிய திருவருட்பாவின் ஆறாம் திருமுறை அச்சேறியது அவர் மறைந்து பதினோரு வருடம் கழித்து, 1885இல். பிறகு ஆ. பாலகிருஷ்ண பிள்ளை கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுப் பன்னிரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்தார். 1931இல் தொடங்கிய வேலை 1958இல்தான் முடிந்தது. அவருக்கு யாரும் பட்டம் கட்டவில்லை.

“அப்போ சாவியைப் பத்திக் கவலைப்படவே வேணாமா சார்?” என்றார் தம்பி.

வேண்டும். உயில் எழுதாமல் போனவர்களின் இடங்கள் எப்படி அல்லாடுகின்றன என்பதைப் பார்க்கிறோமே! கணக்கு வேண்டும், பொறுப்பாளர் வேண்டும், எழுத்து வேண்டும். ஆனால் சாவித் தகராறு வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் காத்திருக்கும். பசி காத்திருக்காது, பதினொரு மணிக்கே வாசலில் வந்து நின்றுவிடும். அதனால் ஒரு குரு போன பிறகு அங்கே அடுத்தவர் யார் என்று விசாரிக்கும்போது, இன்று காலையில் அங்கே என்ன வேலை நடந்தது என்பதையும் விசாரியுங்கள்.

தம்பி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “வடலூருக்கு பஸ் எப்போ சார்?” என்றார். எப்போது போனாலும் சரி, சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேருங்கள் என்றேன்.