தூங்கினால் வருமா பாஷை?

ராத்திரி படுக்கப் போகிறீர்கள். தலையணைக்கு அடியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடினால் போதும். அது காதோடு காதாகப் பிரெஞ்சுச் சொற்களை ஓதிக்கொண்டே இருக்கும். பொழுது விடிந்து வாயைத் திறந்தால் பிரெஞ்சு பாஷை கொட்டும்! இப்படி ஒரு சாமான் கடையில் கிடைத்தால் யார்தான் வாங்கமாட்டார்கள்?

இது கட்டுக்கதை அல்ல. 1950-களில் அமெரிக்காவில் இத்தகைய கருவிகளைப் பிரமாதமாக விளம்பரம் செய்து விற்றார்கள். சிரமமே இல்லாமல் பாஷை வந்துவிடும் என்ற ஆசை அவ்வளவு பொல்லாதது.

அந்த ஆசை நம் வீடுகளிலும் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை ஜெர்மனியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில விதிவிலக்குகள் போக, பெண் அங்கே போய்க் குடித்தனம் செய்வதற்கு 'ஏ1' என்ற ஆரம்ப ஜெர்மன் பரீட்சையில் தேறியாக வேண்டும். 2007-ஆம் ஆண்டில் வந்த சட்டம் இது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலிலும் சோதனை உண்டு. தேறும் வரையில் அவர் அங்கே, இவள் இங்கே! பெண்ணின் பிரசவத்துக்குப் போன அம்மாவோ, கடையில் ஒரு படி பால் கேட்கத் தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, பாஷை கற்க மனிதர்கள் கண்டுபிடித்த விசித்திர வழிகளில் எது பலிக்கும், எது பலிக்காது என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே?

முதலில் அந்தத் தலையணை விஷயத்தை முடித்துவிடுவோம். எம்மன்ஸ், சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்து 1956-இல் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து, ஆள் நிஜமாகவே தூங்குகிறார் என்று உறுதி செய்துகொண்ட பிறகே சொற்களை ஒலிக்க விட்டார்கள். எழுப்பிக் கேட்டபோது, சொற்கள் ஒன்றும் மனத்தில் தங்கவில்லை என்று தெரிந்தது! இல்லாவிட்டால் கும்பகர்ணன் அல்லவா சகல பாஷைகளிலும் பண்டிதனாகியிருப்பான்? விழித்திருக்கும்போது படித்ததைத் தூக்கம் மனத்தில் உறுதிப்படுத்தும் என்பது மெய். படிக்காததை அது கொண்டுவந்து தராது.

அகராதியை விழுங்கியவர்

சரி, தூங்காமல் பாடுபட்டால் வந்துவிடுமா? பிரான்சுவா குவான் என்ற பிரெஞ்சுக்காரரைக் கேளுங்கள். ஜெர்மன் கற்பதற்காக அவர் ஹாம்பர்க் நகரத்துக்குப் போனார். ஓர் இலக்கணப் புத்தகத்தையும் 248 ஒழுங்கற்ற வினைச்சொற்களையும் பத்தே நாளில் நெட்டுருப் போட்டார். நேராகக் கல்லூரிக்குப் போய்ப் பிரசங்கம் கேட்டார். ஒரு சொல்லும் புரியவில்லை! மனிதர் விடவில்லை. 30,000 சொற்கள் உள்ள அகராதியை முப்பது நாளில் உருப்போட்டார். அப்போதும் அதே கதிதான்.

மனம் சலித்து ஊர் திரும்பினார். அங்கே அவருடைய சகோதரியின் மூன்று வயதுப் பிள்ளை மழலை மாறித் தாய்மொழியில் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையை ஒருநாள் மாவு ஆலைக்கு அழைத்துப் போனார்கள். வீடு திரும்பியதும் அது ஆலை விளையாட்டு விளையாட ஆரம்பித்தது. மூட்டையை நிரப்புகிறேன், தூக்குகிறேன், ஆலைக்குக் கொண்டு போகிறேன் என்று செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்தது. குவானுக்குப் பளிச்சென்று புரிந்தது. செயலும் சொல்லும் சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும்! கதவைத் திறப்பது போன்ற அற்பக் காரியத்தைக்கூட, கதவை நோக்கி நடக்கிறேன், கதவை நெருங்குகிறேன், பிடியைப் பிடிக்கிறேன் என்று படிப்படியாகச் சொல்லிக் கற்றுக்கொள்ளும் முறையை அவர் வகுத்தார். அவருடைய புத்தகம் 1880-இல் வெளிவந்தது.

இதற்குக் காசு வேண்டாம். காலையில் காப்பி போடும்போதே ஆரம்பிக்கலாம். அடுப்பை மூட்டுகிறேன், பாலை வைக்கிறேன், பால் பொங்குகிறது, டிகாக்ஷனை ஊற்றுகிறேன் என்று ஒவ்வொன்றையும் கற்கிற பாஷையில் உரக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும்!

வாயைத் திறக்க வைத்த வாத்தியார்

பெர்லிட்ஸ் பாஷைப் பள்ளிகள் பிறந்த கதையும் வேடிக்கைதான். மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் 1878-இல் அமெரிக்காவில் பிராவிடென்ஸ் என்ற ஊரில் பள்ளி நடத்தி வந்தார். ஒத்தாசைக்காக ஜோலி என்ற பிரெஞ்சு வாத்தியாரை அமர்த்தினார். வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, ஜோலிக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது! அந்தச் சமயம் பார்த்துப் பெர்லிட்ஸும் நோயில் படுத்துவிட்டார். வேறு வழியின்றி, பொருள்களைச் சுட்டிக்காட்டியும் நடித்துக் காட்டியும் சமாளிக்கும்படி சொல்லி அனுப்பினார். ஆறு வாரம் கழித்து எட்டிப் பார்த்தால், மாணாக்கர்கள் பிரெஞ்சில் கேள்வி கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். சாய்ந்துகொள்ள ஆங்கிலம் என்ற சுவர் இல்லை. ஆகையால் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டார்கள்!

நாலு பிராங்குக்கு ஒரு காது

பிற்காலத்தில் டிராய் நகரத்தைத் தோண்டியெடுத்துப் புகழ்பெற்ற ஷ்லீமன், வாலிபத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரில் சாதாரணக் குமாஸ்தா. 1844-இல் ருஷ்ய பாஷை கற்க முனைந்தார். ஊரில் சொல்லித்தர ஆள் இல்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு கதையை மனப்பாடம் செய்தார். சுவரிடம் ஒப்பிப்பதில் உற்சாகம் ஏது? வாரத்துக்கு நாலு பிராங்கு கூலி பேசி, தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்து கேட்க ஒருவரை அமர்த்திக்கொண்டார். அந்த மனிதருக்கோ ருஷ்ய பாஷை ஒரு சொல்லும் தெரியாது! ஷ்லீமன் கத்திய கத்தலில் குடியிருந்தவர்கள் புகார் செய்ய, இரண்டு தடவை ஜாகை மாற்ற வேண்டியிருந்ததாம். ஆனால் ஆறே வாரத்தில் முதல் ருஷ்யக் கடிதத்தை எழுதிவிட்டதாகத் தம் சுயசரிதையில் சொல்கிறார்.

உங்களுக்குக் கூலிக்கு ஆளைத் தேடவேண்டிய சிரமம் இல்லை. மாமியார் இருக்கிறார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை இருக்கிறான். புரிய வேண்டாம், எதிரே இருந்து கேட்டால் போதும். வாய்க்குக் கூச்சம் தெளியும்.

ஐந்து அறைப் பெட்டி

படித்தது மறந்து போகிறதே என்பவர்களுக்கு லைட்னர் பெட்டி இருக்கிறது. ஜெர்மன் பாஷையில் எழுதிய பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் ஒரு புத்தகத்தில் இதை விளக்கினார். காலியான மிட்டாய்ப் பெட்டியை அட்டை வைத்து ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். சிறு சீட்டுகளில் ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் அயல் சொல். எல்லாச் சீட்டும் முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவிடும். பரமபதப் பாம்பு மாதிரி! முதல் அறையைத் தினமும் பாருங்கள். அடுத்தடுத்த அறைகளை நாள் இடைவெளி கூட்டிப் பாருங்கள். மறக்கப் போகிற சமயத்தில் நினைவுகூர்ந்த சொல்தான் நிலைக்கும். இன்று கைபேசியில் பாஷை சொல்லித்தரும் பல செயலிகளின் உள்ளே இருப்பதும் இந்தச் சூட்சுமமே.

மணலில் எழுதிய வெள்ளைக்காரர்

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்க என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளுடன் தம் வீட்டுக்கே வரச் செய்து, அந்தச் சிறுவர்களுக்கு நடுவே தாமும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். படித்த மனிதர், இருபது வயதைத் தாண்டியவர். பொடியன்கள் சிரிப்பார்களே என்று அவர் தயங்கவில்லை. 1715-இல் அவருடைய முயற்சியால் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது.

சகோதரிகளே, அடுத்த முறை 'ஒரே மாதத்தில் பாஷை' என்று விளம்பரம் கண்டால் பணப்பையைத் திறக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இது என்னை வாய்விட்டுப் பேச வைக்குமா? சொல்லைச் செயலோடு சேர்த்துத் தருமா? மறக்கும் முன் திரும்பக் கேட்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் மிட்டாய்ப் பெட்டியும் மாமியாரின் காதும் போதும்.

தலையணையை மட்டும் தூங்குவதற்கே வைத்துக்கொள்ளுங்கள்!