பறிமுதலான கோயா கடைக்காரர் காவலில்!

புது தில்லி: தீபாவளி நெருங்கினால் தலைநகரின் கோயா சந்தைகளிலும் இனிப்புக் கடைகளிலும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் சோதனையிடுவது ஆண்டுதோறும் காணும் காட்சி. பாலைச் சுண்டக் காய்ச்சிய கோயாதான் வட இந்திய இனிப்புகள் பலவற்றுக்கும் அடிப்படை. தேவை பெருகும்போது மாவுப்பொருளும் வனஸ்பதியும் அதில் கலக்கப்படுவதுண்டு. இத்தனை கிலோ பறிமுதல் என்று மறுநாள் நாளிதழ்கள் தெரிவிக்கும். அதன்பின் அந்தக் கோயா என்னவாகிறது என்பது செய்தியாவதில்லை.

1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடுப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2006-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 38-ஆவது பிரிவு, விதிகளுக்கு மாறாகத் தோன்றும் எந்த உணவையும் பறிமுதல் செய்ய அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால், மாதிரி எடுத்தபின் அப்பொருளை அதே வணிகரின் பாதுகாப்பில் வைக்கவும் அப்பிரிவு வழிசெய்கிறது. பொருளின் மதிப்புக்கு ஈடாக அவரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். அதாவது, கலப்படம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவரே சந்தேகப் பொருளுக்குக் காவலர்!

மாதிரி கிடைத்த நாளிலிருந்து பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள் அவகாசம் உண்டு. குளிர்பதனம் இல்லாவிட்டால் கோயா அத்தனை நாள் தாங்காது. பண்டிகையும் அதற்குள் முடிந்துவிடும். அறிக்கை பாதகமாக வந்தாலும் வணிகர் மேல்முறையீடு செய்யலாம்.

அலுவலரின் நிலையும் எளிதானதல்ல. நியாயமான காரணமின்றித் தொல்லை தரும் நோக்குடன் பறிமுதல் செய்தால், 39-ஆவது பிரிவின்படி அவருக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்த எச்சரிக்கை தேவையற்றது எனவும் தள்ளிவிட முடியாது. 2015-இல் மேகி நூடுல்ஸுக்கு விதிக்கப்பட்ட தடையை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை, உரிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் சோதிக்கவில்லை என்பவையே அதற்குக் காரணம். அவசரப்பட்டால் நீதிமன்றத்தில் வழக்கு நிற்காது. காத்திருந்தால் சரக்கு நிற்காது.

சட்டம் மத்திய அரசினுடையது. சோதனையும் வழக்கும் பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பு. நாடாளுமன்றத்தில் கலப்படம் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் சுகாதார அமைச்சகம் மாநிலவாரியாக அட்டவணை ஒன்றை அவையில் வைக்கிறது. சோதித்த மாதிரிகள், தரம் தவறியவை, தொடர்ந்த வழக்குகள், விதித்த அபராதம் ஆகியன அதில் இருக்கும். பறிமுதலான சரக்கில் எவ்வளவு அழிக்கப்பட்டது, எவ்வளவு கடைக்கே திரும்பியது என்பதற்குப் பெரும்பாலும் அதில் இடமிருப்பதில்லை.