சிரிக்க வைப்பவரின் கணக்கு

ஆவணி பிறந்துவிட்டால் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் நடக்க இடம் இராது. கிழக்கேகோட்டை முதல் கிள்ளிப்பாலம் வரை பூக்குவியல்களும் நேந்திரங்காய் வறுவலின் மணமும் நிறைந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இச்சந்தையில் தலைமுறைகளாகக் கடை நடத்தும் தமிழ் வணிகர்களுக்கும் ஓணம் சொந்தப் பண்டிகைதான். அந்நாள்களில் எங்கள் கிளைக்கு வரும் அழைப்பிதழ்கள் பல. குடியிருப்போர் சங்கமாயினும், வணிகர் மன்றமாயினும், பெருநிறுவனத்தின் குடும்ப விழாவாயினும், நிகழ்ச்சிநிரலின் இறுதியில் பெரும்பாலும் மிமிக்ரியோ நகைச்சுவை நிகழ்ச்சியோ இடம்பெற்றிருக்கும்.

மேடைச் சிரிப்பு இம்மண்ணுக்குப் புதிதன்று. கோயில் கூத்தம்பலங்களில் சாக்கியார் அவையோரையே எள்ளி நகையாடுவார். எவரும் மறுத்துப் பேசுவதில்லை என்பது மரபு. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தில் கல்வியின் அருமையைச் சிரிக்கச் சிரிக்க எடுத்துரைத்தார். 1969-இல் ஆபேல் அடிகளார் கொச்சியில் தொடங்கிய கலாபவனில், 1981-இல் ஆறு கலைஞர்கள் ஒன்றிணைந்து 'மிமிக்ஸ் பரேடு' என்னும் முழுநீள நிகழ்ச்சியை அரங்கேற்றினர். அவர்களுள் இருவர் பின்னாளில் இயக்குநர்களாகப் புகழ்பெற்ற சித்திக்கும் லாலும். ஜெயராமும், ஆட்டோ ஓட்டிப் பிழைத்த மணியும் கலாபவன் மேடையிலிருந்தே திரைக்கு வந்தனர்.

ஆனால், திரையை எட்டாதவர்களே மிகுதி. ஓணக் காலமும், தை முதல் சித்திரை வரையிலான கோயில் திருவிழாக் காலமுமே அவர்களுக்கு அறுவடை. அந்த அறுவடையும் உறுதியானதன்று. 2018 பெருவெள்ளத்தின்போதும் 2024 வயநாடு நிலச்சரிவின்போதும் மாநில அரசு ஓணக் கொண்டாட்டங்களைக் கைவிட்டது. 2020, 2021-இல் பெருந்தொற்று மேடைகளையே மூடியது. துயர வேளையில் கொண்டாட்டத்தைத் தவிர்ப்பது முறையே. எனினும் அதன் பணச்சுமை சிரிக்க வைப்பவரின் தலையில்தான் முதலில் விழுகிறது.

எங்கள் கிளைக்கு வரும் மிமிக்ரிக் கலைஞர் ஒருவர் ஒருமுறை சொன்னார்: "சார், மழை பெய்தால் குடை விற்பவருக்கு வியாபாரம், எனக்கு விடுமுறை." வெள்ள ஆண்டில் ஒரு மன்றத்தினர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டனராம். அதுவோ ஒலிபெருக்கிக்கும் வண்டிக்கும் ஏற்கெனவே செலவாகியிருந்தது. வட்டிக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு நாங்கள் கூறிய யோசனை எளியது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் ஊதியத்திலும் ஐந்தில் ஒரு பங்கைத் தனிச் சேமிப்புக் கணக்கில் இட வேண்டும். திருவிழாக் காலம் முடிந்ததும் அத்தொகையை, ஆனி, ஆடி மழை மாதங்களில் முதிர்வடையுமாறு குறுகிய கால வைப்பாக்கலாம். இரவெல்லாம் வண்டியில் பயணிப்போருக்கு விபத்துக் காப்பீடு இன்றியமையாதது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பு உண்டு. ஜீவன் ஜோதி திட்டத்தில் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பு கிடைக்கும். 18 முதல் 40 வயது வரையுள்ளோர், தகுதியிருப்பின், அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம்.

விழா நடத்தும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊதியத்தையும் பயணச் செலவையும் எழுத்தில் வரையறுங்கள். விழா கைவிடப்பட்டால் முன்பணம் கலைஞருக்கா, அல்லது வேறொரு நாளில் நிகழ்ச்சியா என்பதை முன்னரே பேசி முடியுங்கள். "நாளை வாருங்கள்" என அலையவிடாமல், நிகழ்ச்சி முடியும் இரவே வங்கிக் கணக்கில் பணத்தைச் செலுத்துங்கள்.

சென்ற ஓணத்திற்கு எங்கள் வாடிக்கையாளர் கூட்டத்தில் அதே கலைஞர் மேடையேறினார். கடன் விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இன்னும் ஒரு கையொப்பம் வேண்டுமே!" என்று எங்கள் மேலாளரின் குரலில் அவர் கேட்க, கூடமே அதிர்ந்தது. முதலில் சிரித்தவர் மேலாளர்தான். கலைஞர் மேடையிலிருந்து இறங்குமுன், ஊதியம் வரவான குறுஞ்செய்தி அவர் கைப்பேசியில் வந்திருந்தது.