பின்கோடில் புகுந்த எழுத்து: எக்ஸெல் மேக்ரோ ஏன் கண்டுகொள்ளவில்லை?

சென்னை கிண்டி தொழிற்பேட்டையின் பின்கோடு 600032. அவசரத்தில் தட்டும்போது 3-க்குப் பதில், அதன் கீழே இருக்கும் ஆங்கில ‘இ’ எழுத்தில் விரல் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெட்டியில் இருப்பது ‘6000இ2’. நீங்கள் எழுதிய மேக்ரோ இதைத் தடுக்குமா?

‘இஸ்நியூமெரிக்’ ஃபங்ஷனை நம்பியிருந்தால், தடுக்காது. ‘எண்தான், உள்ளே விடு’ என்று சொல்லிவிடும். அதன் மீது தப்பில்லை. ‘இதில் 0 முதல் 9 வரையான இலக்கங்கள் மட்டும்தான் இருக்கா?’ என்று அது பார்ப்பதே இல்லை. ‘இதை எண்ணாக மாற்ற முடியுமா?’ என்றுதான் பார்க்கிறது. நடுவில் வரும் ‘இ’, அறிவியல் கணக்கில் பத்தின் அடுக்கைக் குறிக்கும். ஆக, 6000-ஐ 100-ஆல் பெருக்கி 600000 என்று எடுத்துக்கொள்கிறது. கொடுமை என்னவென்றால், அதுவும் ஆறு இலக்கம். பார்த்தால் அசல் பின்கோடு மாதிரியே இருக்கும். பார்சல் மட்டும் கிண்டிக்குப் போகாது.

‘இ’ மட்டுமல்ல, ‘டி’ எழுத்துக்கும் இதே சலுகை உண்டு. மைனஸ் குறி, தசமப் புள்ளி, காற்புள்ளி, முன்னும் பின்னும் இடைவெளி எல்லாமே பாஸ். தொகையைச் சரிபார்க்க இது வசதிதான். பின்கோடு, மொபைல் எண், ஆதார் எண் போன்றவற்றுக்கு ஆபத்து.

அப்போ என்ன செய்யலாம்? விபிஏ-வில் ‘லைக்’ என்று ஓர் ஒப்பீட்டுக் குறி இருக்கிறது. அதனுடன் "*[!0-9]*" என்ற வடிவத்தைக் கொடுத்தால், இலக்கம் அல்லாத ஒரு எழுத்தாவது இருக்கிறதா என்று தேடும். ஆச்சரியக்குறிக்கு இங்கே ‘அல்லாத’ என்று பொருள். பொருந்தினால் நிராகரியுங்கள். ஒரு சின்ன ஓட்டை: காலிப் பெட்டியில் தப்பான எழுத்து எதுவும் இல்லையே, அதனால் அதுவும் தப்பித்துவிடும். நீளம் பூஜ்ஜியமா என்று ‘லென்’ மூலம் தனியாகப் பார்க்க வேண்டும்.

நீளம் முன்பே தெரிந்திருந்தால் வேலை இன்னும் சுலபம். ‘லைக்’ வடிவத்தில் # என்பது ஒரே ஒரு இலக்கம். இந்தியப் பின்கோடு பூஜ்ஜியத்தில் தொடங்காது என்பதால் "[1-9]#####" போதும். காலிப் பெட்டி, ஐந்து இலக்கம், நடுவில் எழுத்து, எதுவும் நுழையாது.

சோதித்த பிறகு அதை எண்ணாக மாற்றாதீர்கள். டெக்ஸ்ட் வடிவிலேயே விடுங்கள். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும்; 16 இலக்க கார்டு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்களும் காணாமல் போகும்.